ஒரு மேற்கோளைத் தேடிப் போய்

எனக்கு நூல்களைப் பரிந்துரைத்தவர்கள் குறைவு; ஒரு நூலுக்குள் எதிர்ப்பட்ட இன்னொரு நூலின் பெயர்தான் பெரும்பாலும் என்னை அடுத்ததற்கு இழுத்துச் சென்றிருக்கிறது. தொடக்கம் உ.வே. சாமிநாதையரின் 'என் சரித்திரம்'. கல்லூரி விடுமுறையில் கிளை நூலகத்தில் எடுத்த படி அது. முதல் சில பக்கங்கள் இல்லை, முதுகில் காடாத்துணி ஒட்டியிருந்தது. 1880இல் கும்பகோணத்துக்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியார், ஐயர் அடுக்கிய அந்தாதிகளையும் பிள்ளைத்தமிழ்களையும் பெரிதாகக் கருதாமல், சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என்று கேட்கும் இடத்துக்கு வந்தபோது, நானும் அதைப் படித்ததில்லையே என்று உறைத்தது.

மறுவாரமே சிந்தாமணியைக் கேட்டு வாங்கினேன். மூலம் எனக்கு எளிதில் பிடிபடவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். என்னைப் பிடித்து நிறுத்தியது நச்சினார்க்கினியர் உரைதான். ஒரு சொல்லுக்குப் பொருள் சொல்லும்போது அவர் வேறொரு நூலின் அடியை எடுத்துக்காட்டுவார். அது எந்த நூல் என்று பல இடங்களில் சொல்வதில்லை. (படிப்பவருக்கு எல்லாம் தெரிந்திருக்கும் என்ற நம்பிக்கை போலும்!) அந்த அடிகளின் மூலத்தைத் தேடியதுதான் ஐயரையும் பழைய நூல்களின் ஏடுகளிடம் கொண்டு சேர்த்தது. 1887இல் சிந்தாமணி, 1889இல் பத்துப்பாட்டு, 1892இல் சிலப்பதிகாரம், 1894இல் புறநானூறு, 1898இல் மணிமேகலை என்று அவர் பதிப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. அவர் ஊர் ஊராக அலைந்து கண்டுபிடித்ததை நான் அடிக்குறிப்பில் அரை வரியாகப் பெற்றுக்கொண்டு, ஒரு பழைய டைரியில் பென்சிலால் எழுதி வைத்தேன். பத்துப்பாட்டை அடைந்தது அப்படித்தான்.

*

மேலே எழுதியவர் பத்துப்பாட்டில் நிறுத்தியிருக்கிறார். நான் அங்கிருந்து தொடங்கியவன். அதிலுள்ள குறிஞ்சிப்பாட்டில், தலைவியும் தோழியும் பறித்துக் குவித்த பூக்களைக் கபிலர் 'ஒண்செங் காந்தள், ஆம்பல், அனிச்சம்' என்று அடுக்கிக்கொண்டே போகும் பகுதியைப் பள்ளியில் மனப்பாடம் செய்திருந்தேன். ஒரு பூவையும் பார்த்ததில்லை. அந்தப் பகுதி ஏட்டில் விடுபட்டிருந்ததையும், பிறகு தருமபுரம் ஆதீனத்து ஏட்டில் கிடைத்ததையும் ஐயரே 'உதிர்ந்த மலர்கள்' என்ற கட்டுரையில் சொல்லியிருக்கிறார். அதைப் படித்த பிறகுதான் அந்தப் பெயர்கள் வெறும் பட்டியலாக எனக்குத் தோன்றுவது நின்றது. பூக்களை அடையாளம் காண வேண்டும் என்று தேடியபோது பி.எல். சாமியின் 'சங்க இலக்கியத்தில் செடிகொடி விளக்கம்' கையில் கிடைத்தது. அந்த நூலோடு பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொரு பெயராகப் பார்த்து வந்தேன். முதற்பெயரிலேயே திகைத்துப்போனேன்: எங்கள் வீட்டு வேலியில் ஆண்டுதோறும் மழைக்காலத்தில் படர்ந்து, சிவப்பும் மஞ்சளுமாகப் பூக்கும் கண்வலிக்கிழங்குக் கொடிதான் காந்தள். கிழங்கு நஞ்சு என்று சொல்லி அம்மா எங்களை அதன் பக்கமே விட்டதில்லை.