ஒரே பெயரில் இரண்டு ஞானஸ்நானம், 1834-லும் 1836-லும்: எங்கள் வில்லியம் எவர்?

கேள்வி

வணக்கம். இங்கிலாந்து, நார்ஃபோக் கவுண்டி. என் கணவரின் எள்ளுத்தாத்தா வில்லியம். ஆண்வழியில் நேராக வருபவர். அவருடைய பெற்றோர் யாரென்று உறுதி செய்ய வேண்டும்.

1859 திருமணச் சான்றிதழில் வயது "முழு வயது" என்று மட்டும் இருக்கிறது. தந்தை ஜான், விவசாயக் கூலி. சென்சஸில் 1861-ல் வயது 24, 1871-ல் 36, 1881-ல் 44. பிறந்த இடம் 1861-லும் 1881-லும் ஒரு கிராமம் (கிழக்கு ஊர் என்று வைத்துக்கொள்வோம்), 1871-ல் மட்டும் பக்கத்துக் கிராமம் (மேற்கு ஊர்). 1851-ல் ஆளே கிடைக்கவில்லை.

அதே குடும்பப் பெயரில் இரண்டு ஞானஸ்நானப் பதிவுகள் உள்ளன. மேற்கு ஊரில் 9 நவம்பர் 1834, பெற்றோர் ஜான், மேரி. கிழக்கு ஊரில் 12 ஜூன் 1836, தாய் சாரா மட்டும். தந்தை பெயர் இல்லை. இணையத்தில் உள்ள குடும்ப மரங்கள் எல்லாமே 1834-ஐத்தான் எடுத்திருக்கின்றன, தந்தை பெயர் ஜான் என்று பொருந்துவதால். அதை நம்பலாமா?

பதில் 1

அந்த மரங்களை ஓரமாக வையுங்கள். பத்துப் பேர் ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதியிருந்தால் அது ஒரு சாட்சிதான், பத்து அல்ல.

முதலில் வயதுகளைத் தேதிகளாக மாற்றுங்கள். சென்சஸ் இரவு 1861-ல் ஏப்ரல் 7. அன்று 24 என்றால் பிறப்பு 8 ஏப்ரல் 1836-க்கும் 7 ஏப்ரல் 1837-க்கும் இடையில். 1881-ல் ஏப்ரல் 3. 44 என்றால் 4 ஏப்ரல் 1836 முதல் 3 ஏப்ரல் 1837 வரை. இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டுகின்றன. 1871 மட்டும் (ஏப்ரல் 2, வயது 36) 1834–35-க்கு இழுக்கிறது. வயதும் ஊரும் சேர்ந்து விலகுவது அந்த ஒரு வருடத்தில்தான். அப்போது அவர் மேற்கு ஊரில் குடியிருந்தாரா என்று பாருங்கள். குடியிருக்கும் ஊரையே பிறந்த ஊராகச் சொல்லிவிடுவது அடிக்கடி நடக்கும். விவரம் சொன்னது அவரா, மனைவியா என்பதும் நமக்குத் தெரியாது.

"முழு வயது" என்றால் 21 நிரம்பியவர் என்பதற்கு மேல் பொருள் இல்லை. 1859-ல் இரண்டு வில்லியமுக்குமே அது பொருந்தும். எனவே அதை வைத்து எதையும் தள்ள முடியாது.

1841 சென்சஸைப் பற்றி நீங்கள் ஒன்றும் சொல்லவில்லையே? பார்த்தீர்களா?

கேட்டவர்

பார்த்தேன், உறவு எழுதாததால் விட்டுவிட்டேன். கிழக்கு ஊரில் ஒரு வீட்டில் இந்த வரிசை: ஜான் 55, எலிசபெத் 50, ஜேம்ஸ் 12, சாரா 20, வில்லியம் 5. எல்லோருக்கும் ஒரே குடும்பப் பெயர்.

பதில் 1

அந்த வரிசைதான் இதில் முக்கியமான பொருள்.

1841-ல் உறவு என்ற பத்தியே கிடையாது. பதினைந்துக்கு மேற்பட்டவர்களின் வயதை அருகிலுள்ள ஐந்துக்குக் கீழே இறக்கி எழுதச் சொல்லியிருந்தார்கள் (எல்லாக் கணக்கெடுப்பாளரும் அப்படிச் செய்யவில்லை என்பது வேறு). ஆகவே சாரா 20 என்றால் 20 முதல் 24 வரை. எலிசபெத் 50 முதல் 54 வரை. சிறுவர்களுக்கு உள்ளபடியே வயது. சென்சஸ் இரவு 6 ஜூன். வில்லியமுக்கு அன்று 5 என்றால் 7 ஜூன் 1835-க்கும் 6 ஜூன் 1836-க்கும் இடையில் பிறந்திருக்க வேண்டும். 1834 நவம்பரில் ஞானஸ்நானம் பெற்ற குழந்தைக்கு அன்று குறைந்தது 6 ஆகியிருக்கும்.

இப்போது வரிசை. தம்பதியின் பிள்ளைகள் என்றால் பெரியவரிலிருந்து சின்னவராக வருவது வழக்கம்: சாரா, ஜேம்ஸ், வில்லியம் என்று. இங்கே 12 வயது ஜேம்ஸுக்குப் பிறகு 20 வயது சாரா, உடனே வில்லியம். தாயும் பிள்ளையும் தனியாகக் கீழே வந்து நிற்கிறார்கள் என்றுதான் எனக்குப் படுகிறது. நிரூபணம் இல்லை, வலுவான குறிப்பு. படத்தைப் பெரிதாக்கிப் பெயர்களின் இடது ஓரத்தைப் பாருங்கள். ஒரு சாய்கோடு ஒரே கட்டடத்தில் அடுத்த குடும்பம் தொடங்குவதைக் காட்டும். இரண்டு சாய்கோடு அந்தக் கட்டடம் முடிந்ததைக் காட்டும். பென்சிலில் எழுதியது, மங்கலாக இருக்கும். படத்தின் ஒளி-இருள் வேறுபாட்டைக் கூட்டினால் தெரியும்.

பதில் 2

ஒரு எச்சரிக்கை. 1834-ன் மேரி இறந்து, ஜான் மறுமணம் செய்து எலிசபெத் வந்திருக்கலாம். அதை விலக்காமல் 1834-ஐத் தள்ள வேண்டாம். தேர்ந்தெடுப்பதை விட்டுவிட்டு, ஒருவரைக் காகிதத்தில் கொல்ல முடிகிறதா (சிறு வயதிலேயே இறந்துவிட்டாரா) என்று பாருங்கள். அதாவது மேற்கு ஊர் அடக்கப் பதிவேட்டை 1834 நவம்பரிலிருந்து வரிவரியாகப் படியுங்கள். சிவில் பதிவு (அரசின் பிறப்பு, இறப்பு, திருமணப் பதிவு) 1 ஜூலை 1837-ல்தான் தொடங்கியது. அதற்கு முன் இறந்த குழந்தைக்கு இறப்புச் சான்றிதழே இருக்காது, அடக்கப் பதிவு ஒன்றுதான். 1813 முதல் அச்சிட்ட படிவத்தில் பெயர், வசிப்பிடம், தேதி, வயது இருக்கும். பெற்றோர் பெயர் பெரும்பாலும் இருக்காது. அதனால் அதே ஊரில் அதே பெயரில் வேறு கைக்குழந்தை இருந்ததா என்றும் ஞானஸ்நானப் பதிவேட்டில் சரிபார்க்க வேண்டும்.

1851-க்கு: குடும்பப் பெயரைத் தேடலில் போடாதீர்கள். வில்லியம், பிறந்த ஊர், வயது 12 முதல் 18. அப்படியும் வராவிட்டால் கிழக்கு ஊரின் பக்கங்களை முதலிலிருந்து புரட்டுங்கள். கிராமம் என்றால் ஒரு மாலை வேலைதான்.

பதில் 3

1836 ஞானஸ்நானத்தை இணையத் தேடல் அட்டவணையில் பார்த்தீர்களா, பக்கத்தின் படத்திலா? அட்டவணையில் பெரும்பாலும் பெயர்களும் தேதியும்தான் வரும். மூலப் படிவத்தில் பெற்றோர் பெயர், வசிப்பிடம், தொழில், சடங்கு நடத்தியவர் என்று தனித்தனிப் பத்திகள் உண்டு. திருமணமாகாத தாய் என்றால் தொழில் பத்தியில் "மணமாகாதவள்" என்று எழுதியிருப்பார்கள். சில குருக்கள் ஓரத்தில் தந்தை என்று சொல்லப்பட்டவரின் பெயரையும் குறித்திருப்பார்கள். பங்கிலிருந்து (ஒரு தேவாலயத்துக்கு உட்பட்ட பகுதி) ஆண்டுதோறும் பிஷப்புக்கு அனுப்பிய நகலையும் பாருங்கள். மூலத்தில் இல்லாத ஒரு சொல் நகலில் கிடைப்பதுண்டு, நகலில் விட்டுப்போனதும் உண்டு.

கேட்டவர்

மூன்றையும் பார்த்தேன்.

மேற்கு ஊரில் பிப்ரவரி 1836-ல் வில்லியம் அடக்கம், வயது 15 மாதம், வசிப்பிடம் மேற்கு ஊர். அந்த இரண்டு ஆண்டுகளில் அதே பெயரில் வேறு குழந்தைக்கு அங்கே ஞானஸ்நானம் இல்லை.

1851 கிடைத்தது. குடும்பப் பெயரின் முதல் எழுத்தைத் தவறாகப் படித்து அட்டவணையில் ஏற்றியிருந்தார்கள். தலைவர் ஜான் 67, மனைவி எலிசபெத் 62, வில்லியம் 14, உறவு: பேரன். சாரா அங்கே இல்லை.

1836 படத்தில் "மணமாகாதவள்" என்று தெளிவாக இருக்கிறது. ஓரக் குறிப்பு இல்லை.

பதில் 1

அருமை. 1851 சென்சஸ் மார்ச் 30-ல். அன்று 14, 1841 ஜூன் 6-ல் 5, 1861 ஏப்ரல் 7-ல் 24: மூன்றும் சேர்ந்து பிறப்பை 8 ஏப்ரலுக்கும் 6 ஜூன் 1836-க்கும் நடுவே நெருக்குகின்றன. ஜூன் 12 ஞாயிறு ஞானஸ்நானம் அதற்கு அடுத்த நாட்களில் விழுகிறது. உங்கள் ஆள் சாராவின் மகன்.

திருமணச் சான்றிதழின் ஜான் அநேகமாகத் தாத்தா. தந்தை பெயர் தெரியாதவர்கள் வளர்த்த தாத்தாவையோ மாற்றாந்தந்தையையோ சொல்லிவிடுவது பரவலாக இருந்தது. தந்தை பெயர் இடத்தில் கோடு போட்டு விடுவது எல்லோர் முன்னிலும் தலைகுனிவு. தொழிலைச் சரிபாருங்கள்: 1851-ல் ஜான் விவசாயக் கூலி என்றால் பொருத்தம் கூடும்.

சாராவை 1841-க்கும் 1851-க்கும் இடையில் திருமணப் பதிவில் தேடுங்கள். அவருடைய பிற்காலப் பிள்ளைகள் ஜி.ஆர்.ஓ.வின் (இங்கிலாந்தின் பொதுப் பதிவகம்) புதிய இணைய அட்டவணையில் தாயின் பிறந்த வீட்டுப் பெயரோடு 1837-லிருந்தே வருவார்கள்; பழைய அட்டவணையில் அது 1911 செப்டம்பர் காலாண்டிலிருந்துதான். புதியதில் அந்த இடம் வெறுமையாக இருந்தால் பெரும்பாலும் மணமாகாத தாயின் குழந்தை. இன்னொன்று: சென்சஸில் ஒரு பையனுக்கு "மருமகன்" (son-in-law) என்று இருந்தால் திகைக்காதீர்கள். அந்தக் காலத்தில் மனைவியின் முன்பிள்ளையையும் அந்த ஆங்கிலச் சொல்லாலேயே குறித்தார்கள்.

கேட்டவர்

1851-ல் ஜான் விவசாயக் கூலிதான். அப்படியானால் உண்மையான தந்தையைக் கண்டுபிடிக்க வழியே இல்லையா?

பதில் 2

காகிதத்தில் வாய்ப்பு குறைவு, ஆனால் பார்க்காமல் விடாதீர்கள். 1834-க்கு முன்பென்றால் பங்கின் ஏழைகள் நலப் பெட்டியில் குழந்தையின் செலவுக்காகத் தந்தையிடம் எழுதி வாங்கிய பிணைப்பத்திரம் கிடைத்திருக்கலாம். 1834 ஏழைகள் சட்டத் திருத்தம் அதை இறுக்கிவிட்டது: குழந்தை பங்கின் செலவில் விழுந்தால்தான் காலாண்டு நீதி அமர்வில் வழக்கு, அதுவும் தாயின் சொல்லுக்குத் துணைச் சாட்சியத்தோடு. எனவே நாரிச்சில் உள்ள கவுண்டி ஆவணக் காப்பகத்தில் 1836 கோடைக்கால அமர்விலிருந்து உத்தரவுப் புத்தகத்தைப் பாருங்கள். தாயின் பெயரிலும் பங்கின் பெயரிலும் தேடுங்கள், குழந்தையின் பெயரில் அல்ல. உள்ளூர்ச் செய்தித்தாள்கள் அமர்வு முடிவுகளை அச்சிட்டன. 1844-க்குப் பிறகுதான் தாயே நேராக உள்ளூர் நீதிபதிகளின் சிறு அமர்வில் மனுப் போட முடிந்தது.

பதில் 3

ஆண்வழி நேராக வருகிறது என்றீர்கள். அப்படியென்றால் ஒய் டி.என்.ஏ. (தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டும் இறங்குவது) சோதனைதான் உங்களுக்கு ஏற்றது. 37 மார்க்கரில் (சோதிக்கும் இடங்கள்) தொடங்கலாம்; பொருந்துபவர்களின் பட்டியலில் ஒரே அந்நியக் குடும்பப் பெயர் திரும்பத் திரும்ப வந்தால் 111-க்கு உயர்த்துங்கள். அந்தப் பெயர்க்காரர்கள் 1841-ல் கிழக்கு ஊரிலோ நடந்து போகும் தூரத்திலோ இருந்தார்களா என்று அதே சென்சஸில் பார்க்கலாம். பொது டி.என்.ஏ. சோதனை எடுப்பதானால் உங்கள் கணவருக்கு வேண்டாம். அவருடைய அப்பா அல்லது அத்தைக்கு எடுங்கள். ஒரு தலைமுறை மேலே போனால் அந்த மூதாதையரின் பங்கு சராசரியாக இரண்டு மடங்கு.

பதில் 1

மரத்தில் ஏற்றும்போது வில்லியமின் தந்தை இடத்தை வெறுமையாக விடுங்கள். தாய் சாரா, தாத்தா ஜான், பாட்டி இடத்தில் எலிசபெத்துக்கு ஒரு கேள்விக்குறி: 1851-ல் அவர் ஜானின் மனைவி என்று தெரிகிறதே தவிர சாராவின் தாய் என்று தெரியவில்லை. அதற்குச் சாராவின் ஞானஸ்நானம் வேண்டும். 1841 வயதுப்படி 1816 முதல் 1821 வரை கிழக்கு ஊரில் தேடத் தொடங்குங்கள். மேற்கு ஊர்க் குழந்தையின் அடக்கப் பதிவையும் குறிப்பில் சேருங்கள், அடுத்து வருபவர் மறுபடி 1834-க்குப் போகாமல் இருக்க.