சிலோனில் இருந்து வந்த அம்மாயி, போனைப் பார்த்தாலே பேச்சை நிறுத்திவிடுகிறார். எப்படிக் கேட்பது?

மேட்டுப்பாளையத்துப் பேத்தி:
வணக்கமுங்க. என் அம்மாயி பிறந்தது இலங்கையில், ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீட்டில். தோட்டத்து ஆட்களில் யாருக்கு இந்தியக் குடியுரிமை, யாருக்கு இலங்கைக் குடியுரிமை என்று இரண்டு அரசுகளும் பிரித்துக்கொண்ட சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில் கப்பலேறி வந்து, கோத்தகிரியில் டேன்டீ என்கிற தமிழக அரசுத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்து, கடைசியில் எங்களோடு மேட்டுப்பாளையத்துக்கு இறங்கிவிட்டார். எங்கள் வீதியிலேயே அப்படி வந்த குடும்பங்கள் நாலைந்து இருக்கின்றன. பெரியவர்கள் எல்லோருக்கும் வயசாகிவிட்டது. இவர்கள் சொல்வதைப் பதிவு செய்து முதலில் சொந்தக்காரர்களுக்கும், அப்புறம் வெளியிலும் பகிர வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை.

போனை முன்னால் வைத்து "உங்க கதையைச் சொல்லுங்கம்மாயி" என்றால், "என்னத்தக் கண்ணு சொல்றது, பொழைக்கப் போனாங்க, திரும்பி வந்தோம்" என்று முடித்துவிடுகிறார். ஆனால் காலையில் வெறும் தேத்தண்ணி குடிக்கும்போது பேச்சு தானாக வரும். சர்க்கரையைத் தண்ணியில் போட மாட்டார். உள்ளங்கையில் கொட்டி வைத்துக்கொண்டு ஒரு நக்கு, ஒரு மிடறு. அந்த நேரத்தில் காலையில் ஆட்களை வேலைக்குப் பிரித்துவிடுகிற பெரட்டுக்களம், அட்டைக்கடிக்குக் காலில் சோப்பு தேய்த்துக்கொண்டு மலையேறியது, அன்றைய வேலைக்குப் பேர் போடாமல் விரட்டிய கங்காணி (ஆட்களை மேய்க்கிற மேஸ்திரி) என்று அம்மாவிடம் அவ்வளவும் சொல்வார். நான் போனைத் தொட்டதும் நின்றுவிடும்.

என்ன கேட்டால் பேசுவார்? பதிவானதை எப்படிப் பத்திரப்படுத்துவது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

ராசிபுரத்துக்காரன்:
நல்ல காரியம், உடனே தொடங்குங்கள். எங்கள் பக்கம் ராசிபுரம், நாமக்கல், ஆத்தூரில் இருந்தெல்லாம் கங்காணிகள் ஆள் பிடித்துக் கண்டிக்கு, அதாவது இலங்கை மலைத் தோட்டங்களுக்கு, கூட்டிப் போயிருக்கிறார்கள். எங்கள் அப்பாருவின் பெரியப்பா ஒருவர் அப்படிப் போனவர்தான், திரும்பவே இல்லை. அவர் எந்தத் தோட்டத்துக்குப் போனார் என்று வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. அதனால் சொல்கிறேன், தோட்டத்தின் பெயரை முதலில் கேட்டு எழுதிவிடுங்கள். காகிதத்தில் ஒரு பெயர் இருக்கும், சனங்கள் கூப்பிடுவது வேறொன்றாக இருக்கும். இரண்டும் வேண்டும். தோட்டத்துக்குள் எந்தப் பிரிவு என்று டிவிஷன் பெயரும் கேளுங்கள். பின்னாளில் அங்கே யாராவது உறவைத் தேடுவதென்றால் அதை வைத்துத்தான் முடியும்.

பொதுவில் வைப்பதற்கு "நூலகம்" என்ற எண்ணிம நூலகம் இருக்கிறது. இலங்கைத் தமிழ் ஆவணங்களை 2005 முதல் சேர்த்து வருகிறார்கள். எழுதிக் கேட்டுப் பாருங்கள்.

ஸ்டுடியோக்காரர், காரமடை:
தங்கச்சி, நான் போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். தாயகம் திரும்பிய குடும்பங்களில் ஒரு சாவு விழுந்தால், மாலை போட்டு வைக்கப் படம் கேட்டு வருவார்கள். பல வீடுகளில் அவருடைய இளவயதுப் படம் ஒன்றே ஒன்றுதான் இருக்கும். கண்டியில் இந்தியத் தூதரகத்து ஆபீஸில் கொடுத்த பாஸ்போர்ட்டில் குடும்பமே வரிசையாக நிற்கிற கறுப்பு வெள்ளைப் படம். ஆபீஸ் முத்திரை யாராவது ஒருவர் தோளிலோ கன்னத்திலோ விழுந்திருக்கும். அந்த முகத்தை மட்டும் பிரித்துப் பெரிதாக்கி, முத்திரையை அழித்துக் கொடுக்க வேண்டும். முழுப் பக்கத்தையும் முத்திரையோடு ஸ்கேன் செய்து பென்டிரைவில் போட்டுத் தராமல் நான் யாரையும் அனுப்புவதில்லை. அதற்குக் காசு வாங்குவதும் இல்லை. அழித்த படம் சுவருக்குப் போதும், பேரப்பிள்ளைகளுக்கு அந்த முத்திரை வேண்டும்.

அந்தப் படத்தைத் திரையில் பெரிதாக்கும்போதுதான் கூட வந்தவர்கள் வாய் திறப்பார்கள். "இந்தச் சட்டை எங்க மாமனோடது, படம் எடுக்க இரவல் வாங்கிப் போட்டது." "இந்த அண்ணன் மட்டும் சிலோன் குடியுரிமைக்கே மனுப் போட்டுட்டான், எங்களைக் கோச்சி (ரயில்) ஏத்திவிட வந்தவன் ஜன்னலை விடவே இல்ல." கேள்வியே கேட்காமல் வந்த பேச்சு இது. ஆகவே கதையைக் கேட்காதீர்கள், பொருளைக் கையில் கொடுங்கள். பாஸ்போர்ட், குடும்ப அட்டை, கொண்டு வந்த தகரப் பெட்டி எதுவானாலும் சரி. அந்தப் பெட்டிக்குள் என்னென்ன வந்தது என்று கேட்டாலே அரை மணி நேரம் ஓடும்.

வருஷம் கேட்டால் பெரியவர்களுக்கு நினைவு வராது. வேறு வழியாகப் போக வேண்டும். ஒப்பந்தம் கையெழுத்தானது 1964 அக்டோபர் கடைசியில். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள், மிச்சம் 1,50,000 பேரை 1974இல் பாதிப்பாதியாகப் பங்கு போட்டார்கள். அந்த 64 டிசம்பரிலேயே புயல் தனுஷ்கோடியை அழித்துவிட்டது, அதற்கப்புறம் கப்பல் ராமேஸ்வரத்துக்குத்தான் வந்தது. எனவே எந்த ஊரில் இறங்கினீர்கள் என்று கேளுங்கள். தனுஷ்கோடி என்றால் புயலுக்கு முந்திய பயணம். அடுத்து, தோட்டத்துப் பஞ்சத்துக்கு முன்னாடியா பின்னாடியா என்று கேளுங்கள். 1973, 74இல் மாவுக்கும் அரிசிக்கும் வழியில்லாமல் லயங்களில் பட்டினி கிடந்தார்கள், அது யாருக்கும் மறக்காது. கப்பலில் வந்தவர்களை முதலில் தங்கவைத்த மண்டபம் முகாமில் எத்தனை நாள், அங்கிருந்து எந்த ஊருக்கு அனுப்பினார்கள் என்பதையும் விடாதீர்கள்.

பதிவு செய்யப் போவதை முன்கூட்டியே சொல்லிச் சம்மதம் வாங்குங்கள். அப்புறம் போனை ஏரோபிளேன் மோடில் போட்டு, மடித்த துண்டின் மேல் கவிழ்த்து வைத்துவிட்டு அதை மறந்துவிடுங்கள். திரையைப் பார்த்தால்தான் அவர்களுக்குக் கூச்சம். ஃபேனை நிறுத்துங்கள், பக்கத்தில் குக்கர் இருக்கக் கூடாது. உங்கள் அம்மா குறுக்கே "அது அப்படி இல்லம்மா" என்றால் சொல்ல விடுங்கள், இருவரும் வாதாடும்போது புதுச் சங்கதி வரும். அன்று ராத்திரியே எத்தனையாவது நிமிடத்தில் என்ன பேசினார் என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள். அந்தத் தாள் இல்லாத பதிவை யாரும் திறந்து கேட்பதில்லை. மூலத்தை வெட்டாமல் இரண்டு இடத்தில் வைத்திருங்கள். படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் டாக்குமென்டாக அனுப்புங்கள்.

பவானிசாகர் முகாமில் வளர்ந்தவள்:
அக்கா, வெளியில் போடுவதைப் பற்றி மட்டும் சொல்கிறேன். எங்கள் அம்மாவும் மலையகம்தான், இலங்கையின் தேயிலை மலைப் பகுதி. எங்கள் ஆட்களும் இந்தியாவுக்குத்தான் மனுப் போட்டிருந்தார்கள். 1984இல் கப்பல் நின்றுவிட்டது, கடைசியில் படகில் உயிர் பிழைத்து வந்தோம். அதனால் அகதி என்று பதிவாகி, இன்றும் குடியுரிமை இல்லாமல் இருக்கிறோம். உங்கள் அம்மாயி குடிமகள், எங்கள் பெரியவர்கள் அப்படி இல்லை. ஒரே தோட்டத்தில் இருந்து வந்த இரண்டு பேர் என்றாலும், பெயரும் படமும் இணையத்தில் வந்தால் யாருக்கு என்ன தொந்தரவு வரும் என்பது வேறு வேறு. பாஸ்போர்ட் எண்ணையும் பூர்வீக ஊர் முகவரியையும் மறைத்துவிட்டுப் போடுங்கள்.

சம்மதத்தையும் ஒருமுறை கேட்டால் போதாது. பதிவு முடிந்த பிறகு அவர்களிடமே போட்டுக் காட்டி, எதை எடுத்துவிட வேண்டும் என்று மறுபடி கேளுங்கள். பேச்சு வேகத்தில் யாரோ ஒருவருடைய கல்யாணம், பணத் தகராறு என்று சொல்லியிருப்பார்கள். அது வீட்டுக்குள் இருந்தால் போதும்.

மேட்டுப்பாளையத்துப் பேத்தி:
எல்லோருக்கும் ரொம்ப நன்றிங்க. பெட்டிக்குள் என்ன வந்தது என்று நேற்று கேட்டேன். உடனே எழுந்து போய், நாங்கள் முருங்கைக் கிளை வெட்டுகிற கத்தியை எடுத்து வந்து மடியில் வைத்தார். தாத்தா தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டிய (கிளை கழித்த) கத்தியாம்! இத்தனை வருஷம் அதைச் சந்தையில் வாங்கியது என்றுதான் நினைத்திருந்தேன். இறங்கியது ராமேஸ்வரத்தில், பஞ்சத்துக்கு அடுத்த வருஷம் என்றார். துண்டின் மேல் இருந்த போனை அவர் கண்டுகொள்ளவே இல்லை. நாளைக்குப் போட்டுக் காட்டுகிறேன், தங்கச்சி சொன்னதுபோல அவரிடம் கேட்டுக்கொண்டுதான் அடுத்தது.

ஸ்டுடியோ அண்ணா, ஞாயிற்றுக்கிழமை கடை இருக்குங்களா? பாஸ்போர்ட் பக்கங்கள் ஒட்டிக்கிடக்கின்றன.

ஸ்டுடியோக்காரர், காரமடை:
மதியம் வரைக்கும் இருப்பேன் தங்கச்சி. ஒட்டிய பக்கத்தைப் பிரிக்க வேண்டாம், லேமினேஷனும் போட்டுவிடாதீர்கள். அப்படியே காகித உறையில் வைத்துக் கொண்டு வாருங்கள். அம்மாயியையும் கூட்டி வாருங்கள், கடைக்குப் படி இல்லை.