எல்டிஏ ஒரே ஆளா ரோடு, பஸ், ரயிலு எல்லாத்தையும் எப்படிங்க பாத்துக்குது?

புதுசா வந்தவன்:

வணக்கம் மக்களே, சென்னையிலேர்ந்து வேலை மாத்திக்கிட்டு சிங்கப்பூர் வந்து ரொம்ப நாள் ஆகல, வீடு ஈசூன், ஆபீஸ் சிட்டியில. இங்க எதைக் கேட்டாலும் எல்டிஏ எல்டிஏங்கிறாங்க, அதாவது தரைவழிப் போக்குவரத்து ஆணையம். ரோடு போடுறதும் அவங்க, சிக்னலும் அவங்க, கார் எத்தனை ஓடலாம்னு முடிவு பண்றதும் அவங்க, எம்ஆர்டிக்கு (இங்கத்த மெட்ரோ ரயிலு) சுரங்கம் தோண்டுறதும் அவங்க, பஸ் எந்த ரூட்ல போகணும்னு சொல்றதும் அவங்கதானாம். நம்மூர்ல ரோடு பாதி மாநகராட்சி பாதி ஹைவேஸ், சிக்னல் டிராஃபிக் போலீஸ் கையில, பஸ்ஸுக்கு எம்டிசி, மெட்ரோவுக்குத் தனி கம்பெனி. இவங்களை ஒண்ணா உக்கார வைக்க 2010லயே கும்டாங்கிற ஒருங்கிணைந்த போக்குவரத்துக் குழுமத்துக்கு சட்டம் போட்டாச்சு, ஆனா ஒரு பஸ் ஸ்டாப்பை நாலடி தள்ளி வைக்கணும்னாகூட யாரைப் பாக்கிறதுன்னு தெரியாது.

எனக்கு ரெண்டு டவுட். ஒண்ணு, காருக்கு இவ்ளோ காசு புடுங்கியும் காலையில சிடிஇ எக்ஸ்பிரஸ்வேல வண்டி ஊர்ந்துதான் போகுது, அப்ப ரோட்ல போறதுக்கு வாங்குற இஆர்பி கட்டணம் எதுக்கு, கஜானாவை ரொப்பவா? ரெண்டாவது, பஸ் எல்லாமே ஒரே பச்சை, ஆனா ஓட்டுற கம்பெனி வேற வேற, அப்ப பஸ் யாருதுங்க? அப்புறம் போன வாரம் ஒரு பஸ்ல டிரைவர் ஸ்டாப்ல கதவைத் தொறந்து வச்சிட்டு சும்மா உக்காந்துட்டாரு, ஏறவும் ஆள் இல்ல இறங்கவும் ஆள் இல்ல, எனக்கு மீட்டிங்குக்கு லேட்டு. அது என்ன கணக்கு?

தேக்கா வாசி:

வாங்க தம்பி. முதல் கேள்விக்கு நான் சொல்றேன், பஸ் மேட்டருக்கு இங்க ஒரு கேப்டன் இருக்காரு, அவரு வருவாரு.

எல்டிஏ ஆதியிலேர்ந்து இருக்கிறதில்ல. வண்டி ரெஜிஸ்ட்ரி, எம்ஆர்டி கார்ப்பரேஷன், பொதுப்பணித்துறையோட ரோடு பிரிவு, அமைச்சுல இருந்த தரைவழிப் போக்குவரத்துப் பிரிவு, இந்த நாலையும் 1995 செப்டம்பர்ல ஒண்ணாக் கட்டுனாங்க. அதோட பலன் என்னன்னா, கார் எத்தனை விடலாம்னு முடிவு பண்றவரும் அடுத்த ரயில் லைன் எப்ப தொறக்கும்னு தெரிஞ்சவரும் ஒரே கூரைக்குக் கீழ இருக்காங்க. காரைக் குறைன்னு ஒரு ஆபீஸ் சொல்ல, பஸ் பத்தலையேன்னு இன்னொரு ஆபீஸ் கையை விரிக்கிற கதைக்கு இங்க எடம் இல்ல.

இப்ப இஆர்பி. அது ரோட்டைக் காலி பண்ண போட்டதே இல்ல தம்பி, முக்கால்வாசி பேர் தப்பா நெனைக்கிறது இங்கதான். எக்ஸ்பிரஸ்வேல 45லேர்ந்து 65 கிலோமீட்டர் வேகம், மத்த பெரிய ரோட்ல 20லேர்ந்து 30, இதுதான் அவங்க வச்சிருக்கிற அளவு. அதுக்குக் கீழ போனா அந்த அரைமணி நேரத்துக்கான கட்டணம் ஏறும், மேல போனா இறங்கும், ஏன்னா வண்டி பறக்குதுன்னா ரோடு வீணா கிடக்குன்னு அர்த்தம். மூணு மாசத்துக்கு ஒரு தடவை பாத்து மாத்துவாங்க, ஜூன் டிசம்பர் ஸ்கூல் லீவுக்குத் தனியா பாப்பாங்க. அதனால சிடிஇல வண்டி 48ல போறது உங்களுக்கு ஊர்றது, அவங்களுக்கு பாஸ் மார்க்.

கஜானான்னா, காசு வருது, இல்லேங்கல, ஆனா அது அரசாங்கப் பொதுக் கணக்குக்குத்தான் போகுது, எல்டிஏ பாக்கெட்டுக்கு இல்ல. 2020 ஏப்ரல்ல சர்க்யூட் பிரேக்கர்ங்கிற கொரோனா ஊரடங்கு வந்தப்ப ரோட்ல வண்டி இல்லேன்னதும் எல்லா கேன்ட்ரியிலயும் (ரோட்டுக்கு மேல நிக்கிற கட்டண வளைவு) வசூலை நிறுத்திட்டாங்க. வெறும் வசூல்னா அப்படி நிறுத்தியிருப்பாங்களா?

இந்த யோசனை இன்னிக்கு நேத்து வந்ததும் இல்ல. 1975 ஜூன்லயே ஆரம்பிச்சிட்டாங்க, அப்ப ஒரு நாளைக்கு 3 வெள்ளி (டாலர்) சீட்டு வாங்கி கண்ணாடியில ஒட்டணும், சிட்டிக்குள்ள நுழையிற எடத்துல ஆளுங்க நின்னு கண்ணால பாத்து நம்பர் எழுதுவாங்க. 1998லதான் மெஷினுக்கு மாறுச்சு. இப்ப வண்டியில இருக்கிற அந்த பழைய பெட்டியைக் கழட்டிட்டு சாட்டிலைட்டை வச்சு வேலை செய்யிற ஓபியூங்கிற புதுப் பெட்டி மாட்டுறாங்க, 2023 கடைசியில தொடங்குனது. கட்டணம் முடியப்போற நேரத்துல கேன்ட்ரிக்கு முன்னாடி ஓரமா வண்டியை மெதுவா தேய்க்கிற கூட்டம் ஒண்ணு உண்டு, அதுக்காகவே நடுவுல அஞ்சு நிமிஷம் பாதி ரேட்டு மாதிரி ஒரு படி வச்சிருக்காங்க, அப்படியும் தேய்க்கிறவன் தேய்க்கிறான்.

காஸ்வே கேப்டன்:

கூப்ட்டீங்களா, வந்துட்டேன். ஜோகூர்லேர்ந்து தினமும் பாலம் தாண்டி வந்து பஸ் ஓட்டுறேன், எந்தக் கம்பெனின்னு கேக்காதீங்க லா.

பஸ் கம்பெனியோடது இல்ல தம்பி. பஸ், டிப்போ எல்லாம் அரசாங்கத்தோடது. 2016லேர்ந்து இந்த முறைதான், எல்டிஏ ஊரைப் பொட்டலம் பொட்டலமா பிரிச்சு டெண்டர் விடும், எஸ்பிஎஸ், எஸ்எம்ஆர்டி, டவர் டிரான்சிட், கோ அஹெட்னு கம்பெனிங்க எடுத்து ஓட்டும், ஒரு பொட்டலம் அஞ்சு வருஷம், நல்லா ஓட்டுனா இன்னும் ரெண்டு வருஷம். நீங்க தட்டுற டிக்கெட் காசு எல்டிஏவுக்குப் போயிடும், கம்பெனிக்கு ஓட்டுற கூலி மட்டும். அதனாலதான் கூட்டம் இல்லாத ரூட்டையும் எந்தக் கம்பெனியும் வேணாம்னு தள்ளாது, ஆள் ஏறுனாலும் ஏறலேன்னாலும் அவனுக்கு ஒண்ணுதான். முன்னாடி இருந்த முறையில லாப நட்டம் கம்பெனி தலையில, கூட்டம் வழிஞ்சாலும் எக்ஸ்ட்ரா பஸ் விட யோசிப்பாங்க.

இப்ப நீங்க திட்டுன டிரைவர் கதைக்கு வரேன் 😄 எங்களுக்கு எதிர்ல ஒரு சின்ன ஸ்கிரீன் இருக்கும், எனக்கு முன்னாடி போற அதே நம்பர் பஸ் எத்தனை நிமிஷம் தள்ளி இருக்கு, பின்னாடி வர்றவன் எங்க இருக்கான்னு காட்டும். நான் முன்னாடி போறவனை நெருங்கிட்டேன்னா கண்ட்ரோல்லேர்ந்து மெதுவா போ, அடுத்த ஸ்டாப்ல நில்லுன்னு மெசேஜ் வரும். நிக்கலேன்னா என்ன ஆகும், அவன் பஸ்ஸும் என் பஸ்ஸும் ஒட்டிக்கிட்டு வரும், எனக்குப் பின்னாடி இருபது நிமிஷத்துக்கு ஒண்ணுமே வராது. ஸ்டாப்ல ஆளுங்க சராசரிக்கு மேல எவ்ளோ நேரம் காத்து நிக்கிறாங்கன்னு எல்டிஏ அளந்துக்கிட்டே இருக்கு, நல்லா வச்சா கம்பெனிக்கு போனஸ், கெட்டுப்போனா காசு கட்டணும், அதனால கண்ட்ரோல் எங்க உயிரை எடுக்குது. பஸ்ஸுக்குள்ள இருக்கிற நாப்பது பேர் என்னைத் திட்டுறீங்க, அடுத்தடுத்த ஸ்டாப்ல நிக்கிறவங்களுக்காகத்தான் நான் திட்டு வாங்குறேன். ஒரு அம்மா சீன மொழியில திட்டுனாங்க, எனக்குப் பாதி புரிஞ்சுது, அதுவே போதும்.

சிமெண்ட் மூட்டை:

எல்லாம் சரி, எல்டிஏ பஜனை கொஞ்சம் ஓவரா போகுது, ஒரு எதிர்ப்பாட்டும் பாடுறேன்.

நான் ரெனோவேஷன் வேலை, சின்ன லாரி ஒண்ணு வச்சிருக்கேன். எனக்கும் சிஓஇ, அதாவது வண்டி வச்சிக்கிற உரிமைச் சான்றிதழ், ஏலத்துல எடுக்கணும், பத்து வருஷத்துக்கு மேல ஓட்டணும்னா திரும்ப கட்டணும், இஆர்பியும் கார்காரன் குடுக்கிற அதே ரேட்டு. காரை வீட்ல வச்சிட்டு எம்ஆர்டில போங்கன்னு சொல்றது ஆபீஸ் போறவருக்கு சரி, நான் டைல்ஸ் பெட்டியைத் தூக்கிட்டு எம்ஆர்டில ஏற முடியுமாய்யா? 1990ல சிஓஇ கொண்டு வந்தப்ப வண்டி பெருகுறதைத்தான் பிடிச்சாங்க, 2018லேர்ந்து காருக்கும் பைக்குக்கும் வளர்ச்சியே பூஜ்யம்னுட்டாங்க, அதாவது ஒண்ணு போனாத்தான் ஒண்ணு வரும். 2023 அக்டோபர்ல பெரிய காருக்கு சான்றிதழ் மட்டும் 150,001 வெள்ளி, சின்னதுக்கு 106,000. வண்டி விலை தனி. எண்ணிக்கையைப் பிடிக்க இது வேலை செய்யுது, யார் கையில வண்டி போகணும்ங்கிறதுக்கு வேலை செய்யல. ஏலம்னா காசு இருக்கிறவன் கைதான் மேல, வயசான அம்மாவை டயாலிசிஸுக்குக் கூட்டிட்டுப் போறவனும் பந்தாவுக்கு வாங்குறவனும் ஒரே வரிசையில நிக்கணும்.

அப்புறம் அவங்க கணக்கு எப்பவும் கரெக்டுன்னும் சொல்லாதீங்க. 167 நம்பர் பஸ் ஞாபகம் இருக்கா, செம்பவாங்லேர்ந்து புக்கிட் மேரா போறது. தாம்சன் ஈஸ்ட் கோஸ்ட் எம்ஆர்டி லைன் வந்துட்டுது, அதே பாதைதானே, ஆள் குறைஞ்சிட்டுன்னு 2023 டிசம்பர்லேர்ந்து நிறுத்துறோம்னாங்க. பெரியவங்களுக்கு ஸ்டேஷன்ல இறங்கி ஏறி நடக்கிறதை விட ஒரே பஸ்ல உக்காந்து போறதுதான் வசதின்னு ஜனங்க சத்தம் போட்ட பிறகு அரைமணிக்கு ஒண்ணுன்னு விட்டு வச்சாங்க. சிம்ப்ளிகோங்கிற புது டிக்கெட் முறை கூத்து அதுக்கு மேல, பஸ் ரயிலுக்குத் தட்டுற பழைய ஈஸிலிங்க் கார்டை ஜூன்லேர்ந்து நிறுத்துறோம்னு 2024 ஜனவரி 9ஆம் தேதி சொன்னாங்க, புது முறையில கார்டைத் தட்டினா எவ்ளோ கழிஞ்சுது எவ்ளோ மிச்சம்னு மெஷின்ல தெரியாது, ஆப்ல பாத்துக்கோன்னுட்டாங்க, கொந்தளிச்சதும் ரெண்டே வாரத்துல முடிவை மாத்தி பழசையும் ஓட்ட இன்னொரு 40 மில்லியன் வெள்ளி ஒதுக்குனாங்க. தட்டும்போது மிச்சம் பாக்குறது எங்க ஆத்தா மாதிரி ஆளுங்களுக்கு எவ்ளோ முக்கியம்னு கம்ப்யூட்டர்ல உக்காந்தவனுக்குத் தெரியல.

தேக்கா வாசி:

சிமெண்ட் அண்ணன் சொல்ற லாரி விஷயம் நியாயம், அதுல நான் வாதாடல. 167ம் சரிதான். ஆனா ஒண்ணு பாருங்க, கத்தினா கேக்குற எடம் ஒண்ணே ஒண்ணுன்னு இருந்ததாலதான் ரெண்டு வாரத்துல திரும்புச்சு, நாலு ஆபீஸ் இருந்தா ஃபைல் இன்னும் சுத்திக்கிட்டு இருக்கும். ரயிலும் அப்படித்தான், 2015 ஜூலையில சாயங்கால நேரத்துல ரெண்டு லைன் மொத்தமா படுத்துச்சே, அதுக்கு அந்த ரயிலை ஓட்டுற எஸ்எம்ஆர்டிக்கு 5.4 மில்லியன் அபராதம். அபராதம் போட்டா ரயில் ஓடிருமான்னு கேட்டா ஓடாது, 2024 செப்டம்பர்ல பழைய ரயிலோட ஆக்சில் பெட்டி கழண்டு விழுந்து கிளமெண்டி பக்கம் தண்டவாளம் நாசமாகி ஆறு நாள் அவஸ்தைப்பட்டோம்.

பெரியவங்க பேச்சு வந்ததால சொல்றேன், அதே எல்டிஏதான் கிரீன் மேன் பிளஸ்ஸும் கொண்டு வந்துச்சு. சில சிக்னல் கம்பத்துல கார்டு தட்டுற பெட்டி இருக்கும், மூத்தோர் கார்டைத் தட்டினா பச்சை ஆளு கூட சில வினாடி நிப்பான். மத்தபடி சிக்னல் எல்லாம் கிளைடுன்னு ஒரு சிஸ்டம், ரோட்டுக்கு அடியில கம்பிச்சுருள் பதிச்சிருக்கும், மேல எத்தனை வண்டி நிக்குதுன்னு அதுக்குத் தெரியும், பச்சை நேரத்தை அதுவே கூட்டிக் குறைச்சுக்கும். சந்தியில நின்னு கீழ பாருங்க, தாருல அறுத்து மூடின சதுரக் கோடு தெரியும்.

புதுசா வந்தவன்:

ரொம்ப நன்றி, கேப்டன் அண்ணே மன்னிச்சிடுங்க, இனிமே முறைக்க மாட்டேன் 🙏 கடைசியா ஒண்ணு, காலையில சீக்கிரம் போனா எம்ஆர்டில டிக்கெட் கம்மின்னு ஆபீஸ்ல சொல்றாங்க, ஏழே முக்காலுக்குள்ள இறங்கணுமா ஏறணுமா?

காஸ்வே கேப்டன்:

உள்ள தட்டுறதுதான் கணக்கு. வேலை நாள்ல 7.45க்கு முன்னாடி ஸ்டேஷன்ல தட்டிட்டீங்கன்னா 50 காசு வரைக்கும் குறையும், நீங்க எப்ப இறங்குனாலும் சரி. பஸ்ல மட்டும் போனா கிடையாது. ஈசூன்ல அந்த நேரம் உக்கார எடம் எதிர்பாக்காதீங்க.