ரோலண்டின் லாசரில்லோ: எதைத் திருத்துவது, எதை விடுவது?

நிவேதா: முனைவர் பட்டத்துக்காக 'லாசரில்லோ தெ தோர்மெஸ்' என்ற பதினாறாம் நூற்றாண்டு ஸ்பானிய நாவலின் பழைய ஆங்கில மொழிபெயர்ப்பை, பிரதிகளை ஒப்பிட்டுக் குறிப்புகளோடு தரும் செம்பதிப்பாகக் கொண்டுவர முயல்கிறேன். டேவிட் ரோலண்ட் மொழிபெயர்த்து 1586ல் லண்டனில் ஏபெல் ஜெஃப்ஸ் அச்சிட்டது. 1596 மறுபதிப்பின் படங்களும் கைவசம் உண்டு. ஸ்பானிய மூலத்தோடு ஒப்பிட்டால் நிறைய இடங்களில் விலகிப் போகிறது. முடிவில் மூலத்தில் இல்லாத ஓர் அத்தியாயமே இருக்கிறது! நெறியாளர் மூலத்தைப் பார்த்துச் சரிசெய்துவிடு என்கிறார். எனக்கு மனசு வரவில்லை.

சண்முகம்: கை வைக்காதீர்கள் நிவேதா. முதலில், எந்த ஸ்பானிய மூலம்? 1554ல் மட்டும் புர்கோஸ், அல்கலா, ஆன்ட்வெர்ப், மெதினா தெல் காம்போ என்று நான்கு பதிப்புகள். மெதினா பிரதி 1992ல் பார்கரோத்தா ஊரில் ஒரு பழைய வீட்டுச் சுவருக்குள்ளிருந்துதான் கிடைத்தது. யாரோ பயந்துபோய் வைத்துப் பூசியிருக்கிறார்கள். பயம் நியாயம்தான், 1559ல் இந்த நாவல் ஸ்பானிய சமய விசாரணை மன்றத்தின் தடைப் பட்டியலில் ஏறிவிட்டது. 1573ல் வெட்டித் திருத்தி வெளியிட்டபோது, பொய் அற்புதம் காட்டி பாவமன்னிப்புச் சீட்டு விற்கிறவனுடைய அத்தியாயத்தை எடுத்துவிட்டார்கள். ரோலண்டிடம் அந்த ஆள் ஜம்மென்று இருக்கிறான். ஆக, அவர் நம்பியது வெட்டுப்படாத மூலப் பாடத்தை (நூல் வாசகத்தை).

அடுத்தது, ரோலண்ட் பிரெஞ்சு மொழிபெயர்ப்பையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு வேலை செய்தவர். 1560ல் லியோனில் அச்சான அதை எடுத்து வைத்துப் பாருங்கள், உங்கள் 'விலகல்'களில் பாதிக்கு அங்கேயே விடை கிடைக்கும். கடைசி அத்தியாயமும் அந்த வழியில் வந்ததுதான். தொலேதோவில் கதாநாயகன் லாசரோ ஜெர்மானியர்களோடு கூடிக் குடிக்கிற கதை, 1555ல் ஆன்ட்வெர்ப்பில் வந்த இரண்டாம் பாகத்தின் முதல் அத்தியாயம். அதை வெட்டினால் 1586ல் யாருமே படிக்காத ஒரு புத்தகத்தைப் பதிப்பித்தவராவீர்கள். விலகல் ஒவ்வொன்றுக்கும் அடிக்குறிப்பு போடுங்கள், போதும். அச்சுக்கோர்த்தவர் எழுத்தைத் தலைகீழாக வைத்த இடங்களை மட்டும் திருத்தி, திருத்தியதைப் பட்டியலிடுங்கள்.

மீனா: எழுத்துக்கூட்டலுக்கு என் யோசனை: மாணவர்களுக்கான பதிப்பு என்றால் நவீனமாக்குங்கள், ஆய்வுப் பதிப்பு என்றால் விட்டுவிடுங்கள். இரண்டுக்கும் நடுவே நிற்காதீர்கள். அப்புறம், படத்திலிருந்து எழுத்தை வாசிக்கும் ஓசிஆர் மென்பொருளை நம்ப வேண்டாம். அந்தக் கால அச்சில் வரும் நீள 'எஸ்'ஸை (ſ) அது 'எஃப்' என்று வாசித்துத் தள்ளும். கையால் தட்டச்சு செய்வதே மிச்சம்.

நிவேதா: நன்றி சார், நன்றி அக்கா. இன்னொரு குழப்பம். 1586 பதிப்பின் சமர்ப்பணம் லண்டன் வணிகர் சர் தாமஸ் கிரெஷமுக்கு. அவர் 1579லேயே இறந்துவிட்டாரே?

சண்முகம்: நல்ல கண்! இறந்தவருக்கு எழுதிப் பரிசில் வாங்க முடியாதே. அதனால்தான் 1576 வாக்கில் ஒரு முதல் பதிப்பு வந்து தொலைந்துபோயிருக்க வேண்டும் என்கிறார்கள். லண்டன் அச்சகத்தார் சங்கப் பதிவேட்டில் 1568-69லேயே தாமஸ் கால்வெல் என்ற அச்சகக்காரர் பேரில் இந்தப் புத்தகம் பதிவாகியிருக்கிறது. எனவே 1586ஐ 'முதல் பதிப்பு' என்று முன்னுரையில் எழுதிவிடாதீர்கள், 'கிடைப்பவற்றில் பழையது' என்று எழுதுங்கள். அடிப்படைப் பாடமாக அதையே வையுங்கள். 1596ஐ வரிக்கு வரி ஒப்பிட்டு, வேறுபாடுகளைப் பாடபேதப் பகுதியில் (பதிப்புக்குப் பதிப்பு மாறும் சொற்களின் பட்டியலில்) போடுங்கள். நெறியாளரிடம் முதலில் அந்த ஜெர்மானியர் அத்தியாயத்தைக் காட்டுங்கள், பேச்சு சுலபமாக நகரும்.