அரசுப் பள்ளியா, தனியாரா? கல்லூரியில் படிப்பவர்கள் சொல்லுங்களேன்
எல்லோருக்கும் வணக்கம். மகளை அரசுப் பள்ளியிலேயே தொடரவிடலாமா, தனியாருக்கு மாற்றலாமா என்று வீட்டில் ஓயாத பேச்சு. மதிப்பெண், கட்டடம் எல்லாம் இருக்கட்டும், விரிவுரையைக் கேட்டுக்கொண்டே தானாகக் குறிப்பெடுக்கவும், நீளமான கட்டுரையை யாரும் விரட்டாமல் எழுதி முடிக்கவும் எங்கே பழக்குகிறார்கள்? பல நாடுகளின் 15 வயது மாணவர்களுக்கு நடத்தும் பீசா (PISA) தேர்வின் 2018 வாசிப்புப் பிரிவில், ஓஇசிடி (OECD) என்ற, பெரும்பாலும் வளர்ந்த நாடுகளின் அமைப்பில் உள்ள நாடுகளின் சராசரியில் தனியார் பள்ளி மாணவர்கள்தான் முன்னே இருந்தார்கள், ஆனால் குடும்ப வசதியையும் கணக்கில் சேர்த்ததும் அரசுப் பள்ளி மாணவர்கள் முந்திவிட்டார்கள். அப்புறம் கட்டணம் எதற்கு என்கிறார் கணவர், நியாயமான கேள்விதான். எங்கே படித்திருந்தாலும் சரி, முதல் செமஸ்டரில் எதில் திணறினீர்கள்? ஆய்வகத்தில் நீங்களே கைவைத்துச் செய்ததுண்டா, இல்லை வேடிக்கை மட்டும்தானா?