பல் எக்ஸ்ரே எல்லாம் கறுப்பா வருது, ஆராவது கெதியாச் சொல்லுங்க

கல்முனைப் புள்ள:
பல் கிளினிக் ஒண்டுல வேலை. போன கிழமையில இரிந்து எடுக்கிற எக்ஸ்ரே எல்லாம் கறுப்பாத்தான் வருது. பிலிம் கழுவுற மருந்து, டெவலப்பர், பிக்ஸர் ரெண்டும் புதுசு மாத்தியாச்சு, அப்பயும் சரிவரல்ல. இண்டைக்கு ஒரு சின்னப் புள்ளைக்கு மூணு தரம் எடுத்தும் ஒண்டும் விளங்கல்ல. நாளைக்கும் ஆக்கள் வருவாங்க. ப்ளீஸ்.

வாவிக்கரை:
என்ன பிலிம், கதிர் கூடத் தேவைப்படுற டி-யா, குறையத் தேவைப்படுற எஃப்-ஆ? கையால கழுவுறயா, மெசினா? டெவலப்பர் எவ்வளவு சூடு, எத்தன நிமிசம்? இதெல்லாம் தெரியாம என்னெண்டு சொல்ற?

ஒலுவில் கடல்:
எக்ஸ்போஷர், அதான் கதிர் அடிக்கிற நேரம், கூடிப்போச்சு. டி பிலிம்ல இரிந்து எஃப்-க்கு மாறியிருப்பீங்க. டி-க்குக் குடுக்கிற நேரத்துல பாதி கூட எஃப்-க்குத் தேவையில்ல. செக்கனக் குறைங்க, சரியாயிடும்.

ஏறாவூர்க் கச்சான்:
சூடுதான் காரணம். டாங்கித் தண்ணியே கைய வெக்க ஏலாமக் கொதிக்குது. டெவலப்பர் 20 பாகை எண்டா 5 நிமிசம், 27 பாகைக்கு ரெண்டரை நிமிசம்தான். இப்ப அறைக்குள்ள 30க்கு மேல இரிக்கும். டாங்கியச் சுத்தி ஐஸ் தண்ணி வைங்க. டெவலப்பருக்குள்ள ஐஸ் போட்டுராதீங்க, தண்ணி கலந்தாப் போச்சு.

கல்முனைப் புள்ள:
கையாலதான். எஃப் பிலிம், ரெண்டு வருசமா அதேதான். நிமிசம் பாக்கிறல்ல, சிவப்பு லைட்டுல தூக்கிப் பாத்துப் படம் தெரிஞ்ச உடனே எடுத்துருவம். தேர்மோமீட்டர் உடைஞ்சிட்டு.

பழைய கை:
தூக்கிப் பாத்து எடுக்கிறதா? அடிப்படை தெரியாம இருட்டறைக்குள்ள போறதே பிழை. 30 வருசமா இந்த வேலை செய்யிறன். கண்ண நம்பிக் கழுவுறவருக்கு இண்டைக்கு ஒரு மாதிரி, நாளைக்கு ஒரு மாதிரித்தான் படம் வரும். தேர்மோமீட்டரும் மணிக்கூடும் வாங்கிட்டு வந்து கேளுங்க.

மீன்பாடும் ஊர்:
அது சரி, மூணு தரம் எடுத்தீங்களே, அந்தப் புள்ளைக்கு மேலுல கதிர் படாம ஈய ஏப்ரன் போட்டீங்களா? கழுத்துப்பட்டி?

ஒலுவில் கடல்:
இப்ப அது ரெண்டும் தேவையில்ல. அமெரிக்கப் பல் வைத்தியர் சங்கமே 2024ல வேணாம் எண்டு சொல்லிட்டு.

மீன்பாடும் ஊர்:
அதே அறிக்கையில டிஜிட்டல் பாவிக்கச் சொன்னாங்க, கதிர பிலிமளவுக்குச் சதுரமா ஒடுக்கி அடிக்கச் சொன்னாங்க. அத மட்டும் விட்டுட்டு இத மட்டும் எடுக்கிறது சரியில்ல. எங்கட ஊர்கள்ல இன்னமும் கதிர அகலமா விடுற வட்டக் கூம்புதான் கூட. இலங்கையில 2014ஆம் ஆண்டு 40ஆம் இலக்க அணுசக்திச் சட்டத்துலதான் மெசினுக்கு லைசன்ஸ். லைசன்ஸ்ல என்ன நிபந்தனையோ அதத்தான் கிளினிக் செய்யணும்.

ஒலுவில் கடல்:
ஒரு பல்லுப் படத்துக்குச் சில மைக்ரோசீவேர்ட் கதிர்தான். மண்ணும் வானமும் ஒரு நாளைக்குத் தாறது அவ்வளவு வரும். சனத்தப் பயப்படுத்தாதீங்க.

மீன்பாடும் ஊர்:
ஒரு படம் பல்லக் காட்டினா அந்தக் கதிருக்கு ஒரு பலன் இரிக்கு. மூணும் கறுப்பு எண்டா அந்தப் புள்ளைக்குக் கிடைச்சது என்ன? எனக்கு அதுதான் மனசு கேக்குதில்ல.

வாவிக்கரை:
ஏப்ரன் கதைக்கு வேற இழை போடுங்க. கல்முனைப் புள்ள, பிழை புடிபடுற வரைக்கும் ஒரு ஆளுக்கும் எடுக்காதீங்க. இதக் கண்டுபுடிக்க மெசின் தேவையே இல்ல.

கெட்டுப்போன படத்துல வெள்ளி அடைச்ச பல் ஒண்டு இரிந்தாத் தேடுங்க. வெள்ளி கதிர விடாது, அந்த இடம் கண்ணாடி மாதிரித் தெளிவா இரிக்கணும். அதுவும் சாம்பலா இரிந்தா எக்ஸ்போஷர்ல பிழையில்ல, பிலிம் வேற விதமாக் கெட்டிரிக்கு.

இனி ரெண்டு புதுப் பிலிம் எடுங்க. ஒண்ட முழு இருட்டுல, சிவப்பு லைட்டையும் அணைச்சுப்போட்டுக் கழுவுங்க. அது தெளிவா வந்தா மருந்தும் பிலிமும் நல்லம், சாம்பலா வந்தா டெவலப்பர்ர சூடு அல்லது பழைய பிலிம். மத்ததப் பிரிச்சு வேலை செய்யிற இடத்துல வெச்சு, மேல அஞ்சு ரூபாக் காசு ஒண்ட வைங்க. சிவப்பு லைட்டுல மூணு நிமிசம் கிடக்கட்டும். பிறகு லைட்ட அணைச்சுட்டு அதையும் கழுவுங்க. காசு வட்டமாத் தெரிஞ்சா வெளிச்சம்தான் குற்றவாளி. கைப்போன வெளியில வெச்சுட்டுப் போங்க. கதவு இடுக்கையும் பாருங்க, இருட்டுல அஞ்சு நிமிசம் நிண்டாத்தான் கண்ணுக்குப் புடிபடும்.

கல்முனைப் புள்ள:
காசு அப்படியே வட்டமா வந்திரிக்கு! இருட்டுல கழுவினது தெளிவு. போன கிழமை பல்ப் எரிஞ்சு போய்க் கடையில சிவப்பு எல்ஈடி ஒண்டு வாங்கிப் போட்டம், அது சிவப்புத்தானே எண்டு இங்க சொல்லல்ல. கழட்டியாச்சு. தேர்மோமீட்டர் வாங்க ஆள் போயிரிக்கு.

பழைய கை:
பல்ப் மாத்தினத முதல் வரியிலயே எழுதியிரிக்கணும்.

வாவிக்கரை:
நல்லம். எஃப் பிலிமுக்கு ஜிபிஎக்ஸ்-2 எண்ட இருட்டறை லைட்டுச் சிவப்புப் பில்டர், உள்ளுக்கு 15 வாட் பல்ப், மேசையில இரிந்து 4 அடிக்குக் குறையாம மாட்டுங்க. மாட்டின பிறகும் ஒரு தரம் காசு வெச்சுப் பாருங்க. அந்தப் புள்ளைக்குத் திரும்ப எடுக்கிறதா வேணாமா எண்டத டொக்டர் பல்லப் பாத்து முடிவெடுக்கட்டும்.

மீன்பாடும் ஊர்:
மாத்தின பழைய பிக்ஸர எங்க ஊத்தினீங்க? அதுக்குள்ள வெள்ளி கரைஞ்சிரிக்கு, கானுக்குள்ள விட்டா வாவிக்குத்தான் போகும். பிலிம் உறைக்குள்ள இரிக்கிற ஈயத் தகட்டையும் குப்பையோட போடாம ஒரு போத்தல்ல சேர்த்து வைங்க.

மீன்பாடும் ஊர்:
கல்முனைப் புள்ள, இரிக்கீங்களா?