தீபாவளி விடியற்காலை: எண்ணெய், மருந்து, பலகாரம் – மனதை விட்டுப் போகாத ஒன்றைச் சொல்லுங்கள்

கும்பகோணத்துக்காரி

அம்மா இறந்துபோன வருடம் எங்களுக்குத் தீபாவளி இல்லை. சட்டி ஏற்றக்கூடாது, புதுத்துணி கூடாது, எல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். அக்கம்பக்கத்தார் பலகாரத் தட்டோடு வந்து துக்கம் விசாரிப்பார்களே என்று அப்பாவுக்குப் பயம். வாசல் விளக்கைக்கூடப் போடாமல் படுத்திருந்தார்.

விடிய இன்னும் நேரம் இருந்தது. கதவு தட்டும் சத்தம். எதிர் வீட்டு மாமி, தலையில் சுற்றிய ஈரத்துண்டோடு நிற்கிறார். கையில் எவர்சில்வர் கிண்ணம், மேலே வாழையிலைத் துண்டு. "பலகாரம் இல்லை, லேகியம். மருந்துக்கு என்ன தீட்டு? வெறும் வயிற்றில் சாப்பிடச் சொல்" என்று கொடுத்துவிட்டு, உள்ளே வராமலே போய்விட்டார்.

அப்பா விரலால் வழித்து வாயில் போட்டுக்கொண்டு, "சித்தரத்தை கூடுதல்" என்றார். அம்மாவின் லேகியத்துக்கு அவர் வருடா வருடம் சொல்லும் குறை அது!

அம்மாவும் அந்த மாமியும் ஏதோ குழாயடித் தகராறில் பேச்சை விட்டவர்கள். எனக்கு விவரம் தெரிந்து ஒருவர் வாசலை ஒருவர் மிதித்ததில்லை. பிறகு எப்படி ஒரே பக்குவம்? யார் யாரிடம் கற்றது? மாமி இப்போது மகனோடு புனேவில் இருக்கிறார். கேட்கவும் ஆள் இல்லை.

ஈரோட்டு மருமகள்

எங்கள் வீட்டில் லேகியம் கிடையாது. எண்ணெயும் அரப்பும்தான்.

என் கணவர் பஸ் கண்டக்டர். தீபாவளிக்கு முந்தைய இரவு சிறப்புப் பேருந்து ஓட்டத்தில் அவருக்குத் தப்பிக்க வழியே இல்லை. அந்த வருடம் விடியும் தறுவாயில் வந்து, தோல்பையைக்கூடக் கழற்றாமல் மணையில் உட்கார்ந்தார். மிளகும் ஓமமும் போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெயை உச்சியில் வைத்துத் தேய்த்தேன். அப்படியே தூங்கிவிட்டார், உட்கார்ந்த நிலையிலேயே. எண்ணெய் நெற்றியில் இறங்கிப் புருவத்தில் தேங்கியது. மகள் கஞ்சியில் கரைத்த அரப்புக் கிண்ணத்தை ஏந்திக்கொண்டு நிற்கிறாள். மகன் பட்டாசுப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஒரு வார்த்தை பேசவில்லை. மாமியார் மட்டும் பின்னால் இருந்து, "சூரியன் வருவதற்குள் தண்ணீரை ஊற்று" என்று பல்லைக் கடிக்கிறார்.

நான் ஊற்றவில்லை. வெயில் வாசலுக்கு வந்த பிறகுதான் அவர் கண் விழித்தார். அதற்குப் பிறகு வீட்டில் நடந்த கெட்டது எல்லாவற்றுக்கும் அதுதான் காரணம் என்பது மாமியாரின் தீர்ப்பு, சினைமாடு செத்தது உட்பட.

பழைய பஞ்சாங்கம்

உங்கள் மாமியார் சொன்னதில் தப்பில்லை அம்மா. மற்ற நாள்களில் சூரியன் உதித்த பிறகுதான் எண்ணெய் தேய்த்துக்கொள்ள வேண்டும். நரக சதுர்த்தசிக்கு மட்டும்தான் விடியலுக்கு முன் என்று விதிவிலக்கு. அதனால்தான் அன்றைய வெந்நீருக்குக் 'கங்கா ஸ்நானம்' என்று பெயர். விடிந்த பிறகு குளித்தால் அது வெறும் எண்ணெய்க் குளியல்.

கும்பகோணத்து அம்மாவுக்கும் ஒன்று. துக்க வீட்டில் பண்டிகைதான் இல்லை, ஸ்நானம் உண்டு. எங்கள் குடும்பத்தில் ஒரு சொட்டு எண்ணெயாவது தொட்டு வைத்துக்கொண்டு குளிப்போம். உங்கள் அப்பாவை அப்படியே படுக்க விட்டிருக்கக் கூடாது.

என் அனுபவமா? ஒரு வருடம் மோட்டார் பழுது. கிணற்றில் இறைத்துக் குளித்தோம்.

ஈரோட்டு மருமகள்

ஐயா, இரவெல்லாம் நின்றுகொண்டே டிக்கெட் கொடுத்தவருக்கு வெறும் எண்ணெய்க் குளியலே போதும்.

டொராண்டோ நெல்லைக்காரன்

2024இல் தீபாவளி அக்டோபர் 31 அன்று வந்தது நினைவிருக்கும். இங்கே அன்றுதான் ஹாலோவீன், பிள்ளைகள் பேய் வேடம் போட்டு வீடு வீடாக மிட்டாய் கேட்டு வரும் நாள். திருநெல்வேலியிலிருந்து அம்மா வந்திருந்தார். காலையில் பேரனுக்கு எண்ணெய் வைத்துக் குளிப்பாட்டி அனுப்பினார். சாயங்காலம் அவன் எலும்புக்கூடு உடையில் வந்து நின்றதும் நெட்டி முறித்துத் திருஷ்டி கழித்தார்.

இருட்டியதும் தெருப் பிள்ளைகள் பையை நீட்டிக்கொண்டு வாசலில் வரிசையாக வந்தார்கள். அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. நான் வாங்கி வைத்திருந்த சாக்லேட்டை ஒதுக்கிவிட்டு, சுட்டு வைத்திருந்த முள்ளுமுறுக்கைத் தட்டோடு தூக்கிக்கொண்டு வந்தார். சூனியக்காரித் தொப்பி போட்ட ஒரு சிறுமி கையை நீட்டினாள். பின்னால் நின்ற அவள் தாய் சிரித்த முகத்தோடு அந்தக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டாள்.

அம்மா உள்ளே போனார். முறுக்குகளைக் கண்ணாடித்தாள் பையில் போட்டு நூலால் கட்டி, கடைச்சரக்கு போலாக்கிக்கொண்டு திரும்பி வந்தார். அதையும் யாரும் எடுக்கவில்லை. "நான் என்ன விஷமா வைத்திருக்கிறேன்?" என்று கேட்டார். கடையில் உறை போட்டது தவிர வேறெதையும் பிள்ளைகளுக்குக் கொடுப்பதில்லை என்று விளக்கினேன். தலையாட்டினார்.

இரவு மகன் கொண்டுவந்த பையை வழக்கம்போல மேசையில் கொட்டினேன். உறை பிரிந்தது, வீட்டில் செய்ததுபோல் இருந்தது எல்லாவற்றையும் பொறுக்கிக் குப்பையில் போட்டேன். நிமிர்ந்தால் அம்மா அடுக்களை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறார்.

மதுரைச் செவிலி

நான் பார்த்தது வேறு மாதிரி. குழந்தைகள் வார்டு, தீபாவளிக்கு மறுநாள் காலை. கைக்குழந்தைக்கு முதல் தீபாவளி. சளி வெளியே வரட்டும் என்று மூக்கில் எண்ணெய் விட்டிருக்கிறார்கள். மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. தாய் மருத்துவரிடம் அழுகிறாள். பாட்டி சுவரோரமாக நிற்கிறார், இடுப்புச் செருகலில் அந்த எண்ணெய்ப் புட்டி. அதை வெளியே எடுத்துக் காட்டவும் பயம், மறைக்கவும் மனமில்லை. குழந்தை பிழைத்துக்கொண்டது. பாட்டி அதன் பிறகு அதைத் தூக்கினாரோ என்னவோ.

யாரும் கேட்கவில்லைதான், சொல்லிவிடுகிறேன். மூக்கில் விடும் எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியா வரைக்கும் கொண்டுபோகும். காதிலும் விட வேண்டாம். உடம்பில் தேய்ப்பதை யாரும் தடுக்கவில்லை. இளஞ்சூட்டு நீர் போதும். பெரியவர்களுக்குச் சுகமான சூடு குழந்தையின் தோலைச் சுட்டுவிடும். இன்னொன்று, நீங்கள் உருகி உருகி எழுதும் லேகியத்தில் தேன் இருக்கிறது. ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேனை நாக்கில் தொட்டுக்கூட வைக்கக்கூடாது. அதில் சில சமயம் இருக்கும் கிருமி வித்து, குடல் முதிராத குழந்தையின் வயிற்றில் முளைத்து நஞ்சைச் சுரக்கும். தசைகளெல்லாம் தளர்ந்து, பால் குடிக்கக்கூட வலுவில்லாமல் போகும். காய்ச்சிய தேன்தானே என்று யாரும் வர வேண்டாம். வீட்டு அடுப்புச் சூட்டுக்கு அந்த வித்து சாவதில்லை.

பழைய பஞ்சாங்கம்

லேகியத்தில் தேனை யாரம்மா காய்ச்சுகிறார்கள்? வெல்லமும் நெய்யும் சேர்ந்து, சட்டியில் ஒட்டாமல் சுருண்டு வந்த பிறகு, இறக்கி ஆறவைத்துத்தான் தேன் விட வேண்டும்.

பலகாரச் சித்தி

என் கதை சின்னது. சம்பந்தி வீட்டார் கூடத்தில் உட்கார்ந்திருக்கும்போது என் அதிரசம் எண்ணெயில் பிரிந்து மணல் மணலாகப் போனது. சம்பந்தியம்மாள் எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார். ஏதாவது சொல்லியிருக்கலாம்.

டொராண்டோ தம்பி, அங்கே அதிரசம் சுடுவதானால் அம்மாவிடம் சொல்லுங்கள். கடை மாவு ஆகவே ஆகாது. பச்சரிசியை ஊறவைத்து வடித்து நிழலில் துணியில் பரப்பி, கையில் ஈரம் தெரியும்போதே அரைத்துச் சலிக்க வேண்டும். காய விட்டால் போயிற்று. கிலோ அரிசிக்கு முக்கால் கிலோ வெல்லம். பாகைத் தண்ணீரில் விட்டால் கரையாமல் திரண்டு, விரலால் உருட்ட வர வேண்டும். அடுப்பை அணைத்துவிட்டு, ஏலக்காய் போட்டு, மாவைத் தூவித் தூவிக் கிளறுங்கள். தளர இருக்கிறதே என்று பயந்து மாவை அள்ளிக் கொட்ட வேண்டாம். துணி கட்டி இரண்டு நாள் வைத்தால் தானே இறுகும். எண்ணெயில் பிரிந்தால் பாகு இளசு. கொஞ்சம் மாவு சேருங்கள். கல்லாக வந்தால் பாகு முற்றல். பால் தெளித்துப் பிசையுங்கள். நிதானத் தீ. எடுத்ததும் இரண்டு தட்டைக் கரண்டிகளுக்கு நடுவே வைத்து அழுத்தி எண்ணெயை வடித்துவிடுங்கள்.

டொராண்டோ நெல்லைக்காரன்

சித்தி, நாங்கள் சுட்டது முறுக்கு.